மீன் தொட்டியில் பச்சைக் கம்பளம்: தரைச் செடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்னீர்த் தொட்டியின் தரை முழுக்கப் பச்சையாக மூடிக் கிடப்பதை ஒரு முறை பார்த்துவிட்டால், நம் தொட்டியிலும் அப்படி வேண்டும் என்று மனம் கேட்கும். ஆசையோடு வாங்கி நட்டு, ஒரே மாதத்தில் எல்லாம் கரைந்துபோய் விட்டுவிட்டவர்களும் நிறையப் பேர். அவர்களில் பலர் "எனக்குச் செடி வராது" என்று சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. தொட்டியில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற செடியை எடுத்திருந்தால் அவர்களுக்கும் வந்திருக்கும். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை.

கார்பெட் செடி என்பது தனி வகைச் செடியா?

இல்லை. குட்டையாக இருந்து, பக்கவாட்டில் படர்ந்து, தரையை மூடுகிற எதையும் கார்பெட் செடி என்கிறோம். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத செடிகள் இந்தப் பெயரில் சேர்ந்திருக்கின்றன. ஹேர்கிராஸ் எனப்படும் எலியோகாரிஸ், கோரைக் குடும்பம். மார்சிலியா ஒரு பெரணி. தமிழில் ஆரைக்கீரை என்கிறோமே, அதே இனம். யூட்ரிகுலேரியா நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும் ஊனுண்ணிச் செடி. ரிக்சியாவுக்கு வேரே கிடையாது, அது மிதக்கும் செடி. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) ரிக்சியாவைக் கல்லில் வலைபோட்டுக் கட்டி நீருக்கடியில் புல்வெளிபோல வளர்த்துக் காட்டினார். தரையை மூடும் ஆசை உலகெங்கும் பரவியதில் அவர் தொட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

உறவு இல்லாவிட்டாலும் இவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக் குணம் இருக்கிறது. இவை ஆற்றோரம், குளத்தோரம் வளர்பவை. நீர் ஏறினால் மூழ்கிக் கிடக்கும், வற்றினால் வெளியே நின்று வளரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் காரணம்.

மற்றச் செடிகள் நன்றாக வருகின்றன, தரைச் செடி மட்டும் ஏன் வருவதில்லை?

தொட்டியிலேயே வசதி குறைந்த இடம் தரைதான். விளக்கிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது தரை. மேலே உயரமான செடிகளும் மிதக்கும் இலைகளும் வழியிலேயே வெளிச்சத்தை மறித்துக்கொள்ளும். செடிக்காகக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் குமிழிகள் மேல்நோக்கிப் போகும், கீழே தங்காது. ஃபில்டரின் நீரோட்டம் பெரும்பாலும் மேல்பாதியில் சுற்றும். மீன் கழிவும் அழுகிய இலையும் வந்து படிவதோ தரையில். நீளத் தண்டுச் செடிக்கு ஒரு வழி உண்டு: வெளிச்சம் போதாவிட்டால் உயர்ந்து போய் எடுத்துக்கொள்ளும். குட்டைச் செடிக்கு அந்த வழி கிடையாது.

ஆகவே தரைச் செடி வளர்ப்பதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளிச்சம், வாயு, சத்து, ஓட்டம் ஆகிய நான்கும் அடிவரை போய்ச் சேர்கிறதா? செடி வாடினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது?

படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களிடம் என்ன விளக்கு இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு கொடுக்கப் போகிறீர்களா, எவ்வளவு நாள் காத்திருப்பீர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நல்ல விளக்கும் வாயுவும் இருக்கிறது, ஆனால் முதல் முறை என்றால் என் பதில் மான்டே கார்லோ. மைக்ராந்தெமம் ட்வீடியை என்பது அதன் தாவரப் பெயர், அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. வட்டமான சிறு இலை, சீக்கிரம் வேர் பிடிக்கும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். படத்தில் பார்க்கும் அந்த மெத்தையை முதல் முயற்சியிலேயே எட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பலரும் ஆசைப்படுவது அதன் உறவுக்காரியான ஹெச்.சி. க்யூபா (ஹெமியாந்தஸ் காலிட்ரிகாய்டஸ்) மீது. ஓரிரு மில்லிமீட்டர் இலை. தொட்டிச் செடிகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. சிறிய தொட்டியில் கற்களுக்கிடையே இது படர்ந்தால், அந்தக் கற்களே மலைபோல் தெரியும். ஆனால் பிடிவாதமான செடி. வாயு இரண்டு நாள் நின்றாலே முகம் சுளிக்கும். நான் முதலில் வைத்ததே இதைத்தான், 45 செ.மீ. உயரத் தொட்டியில், சாதாரண விளக்கின் கீழ். மூன்றாவது வாரத்தில் மஞ்சளாகி, ஐந்தாவது வாரத்தில் ஒன்றுமில்லை. அதே செடியை இரண்டு வருடம் கழித்து 30 செ.மீ. உயரத் தொட்டியில் வாயுவோடு வைத்தபோது ஒன்றரை மாதத்தில் தரை தெரியவில்லை.

புல்லைப் போல வேண்டும் என்றால் எலியோகாரிஸ். இதில் அசிகுலாரிஸ் என்பது 10–15 செ.மீ. வரை உயரும், மினி என்று விற்கப்படும் வகை அதில் பாதிகூட உயராது, நுனி வளைந்து அழகாக இருக்கும். மண்ணுக்குள் ஓடுதண்டு விட்டு வரிசையாக முளைக்கும். முதல் மாதம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், அப்புறம் திடீரென்று எங்கும் முளை தெரியும். அதன் இழைகளுக்கிடையில் குப்பை சிக்கிக்கொள்வது மட்டும் தொல்லை.

குளோசோஸ்டிக்மா ஆஸ்திரேலியா, நியூசிலாந்துச் செடி. வெளிச்சம் நிறைய இருந்தால் மிக வேகம். குறைந்தால் படராமல் நேரே எழும்பி நிற்கும். யூட்ரிகுலேரியா கிராமினிஃபோலியாவை இரண்டாவது, மூன்றாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சத்து நிறைந்த புதிய மண்ணில் அது அடிக்கடி கரைந்து போகும்.

வெளிச்சம் நடுத்தரம், வாயு இல்லை, ஆனால் பொறுமை இருக்கிறது என்றால் மார்சிலியா ஹிர்சூட்டா. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. நீருக்கு வெளியே ஆரைக்கீரைபோல் நான்கு மடல் இலை விடும். நீருக்குள் பெரும்பாலும் ஒற்றை மடல்தான், சிறிய கரண்டிபோல. மெதுவாக ஓடும், ஆனால் ஓடிய இடத்தை விடாது. அடிக்கடி வெட்ட வேண்டியதும் இல்லை.

ஸாஜிட்டேரியா சுபுலாட்டாவும் வாயு கேட்காத செடி. வேகமாகப் பெருகும். குட்டை வகை என்று வாங்கினாலும் சில தொட்டிகளில் ஒரு சாண் உயரத்துக்குப் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். ஹெலாந்தியம் டெனெல்லம் வாயு கேட்கும் செடிகளுக்கும் கேட்காதவற்றுக்கும் நடுவில் நிற்கும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் பார்வா குட்டையாக, கெட்டியாக இருக்கும். ஆனால் தரையை மூட ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் தொடக்கத்திலேயே நெருக்கமாக நட வேண்டும். ஸ்டாரோகைன் ரெப்பென்ஸ் கம்பளம் என்பதைவிடக் குட்டைப் புதர். கல்லுக்கும் கம்பளத்துக்கும் நடுவில் வைக்க அதைவிட நல்ல செடி இல்லை.

கார்பன் டை ஆக்சைடு கொடுக்காமல் முடியவே முடியாதா?

முடியும், எல்லாச் செடியிலும் அல்ல. மார்சிலியா, ஸாஜிட்டேரியா, பார்வா ஆகியவற்றில் முடியும். மான்டே கார்லோகூட உயரம் குறைந்த தொட்டியில், நல்ல மண்ணில், மிதமான வெளிச்சத்தில் மெதுவாகப் படர்வதைப் பார்த்திருக்கிறேன். க்யூபாவுக்கும் குளோசோவுக்கும் வாயு இல்லாமல் முயல வேண்டாம்.

காரணம் எளிது. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் பரவுவது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவு. இலையைச் சுற்றியுள்ள வாயுவைச் செடி உறிஞ்சிவிட்டால், அந்த இடத்துக்கு அடுத்தது வந்து சேர நேரமாகும். வாயு கொடுக்காத தொட்டியில் ஒரு லிட்டர் நீரில் இருப்பது சில மில்லிகிராம்தான். கொடுக்கும் தொட்டியில் 20 முதல் 30 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்கிறோம்.

சிலிண்டர், ரெகுலேட்டர், டைமர் வைத்துக் கொடுப்பது நம்பகமானது. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயு தொடங்க வேண்டும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தலாம். இரவில் வேண்டாம், இருட்டில் செடி வாயுவை எடுத்துக்கொள்ளாது, அதுவும் சேர்ந்து வெளிவிடும். அளவு பார்க்க டிராப் செக்கர் போதும்; தொட்டிக்குள் ஒட்டி வைக்கும், நிறம் மாறிக் காட்டும் சிறு கருவி அது. அதில் 4 டிகிரி கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசலை நிறங்காட்டியோடு ஊற்றி வைத்தால், நீலம் என்றால் போதாது, வெளிர்ப்பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் அதை மட்டும் நம்பாமல் மீனையும் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே வாயுவை நிறுத்தி, நீர்மட்டம் நன்றாக அலையும்படி காற்று விடுங்கள்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் சிறிய தொட்டிக்கு உதவும், ஆனால் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பாசிக்குத்தான் சாதகம்.

திரவக் கார்பன் என்று விற்கிறார்களே, அது போதாதா?

அவற்றில் பெரும்பாலானவை குளுட்டரால்டிஹைடு. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் பொருள். சில வகைப் பாசியை அடக்கும், வாயுவுக்கு மாற்றாகாது. அளவு மீறினால் மீனுக்கும் இறாலுக்கும் ஆபத்து.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

தோராயக் கணக்காக, நடுத்தரச் செடிக்கு லிட்டருக்கு 20 முதல் 40 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு), அதற்கு மேல் கேட்பது க்யூபா, குளோசோ போன்றவை. ஆனால் இந்தக் கணக்கு தொட்டியின் உயரத்தைப் பார்ப்பதில்லை. ஒரே விளக்கு 30 செ.மீ. ஆழத்தில் தருவதற்கும் 50 செ.மீ. ஆழத்தில் தருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தரைச் செடிக்கென்றே தொட்டி வாங்குகிறீர்கள் என்றால் உயரம் குறைந்ததாக வாங்குங்கள். கை விட்டு நடவும் வெட்டவும்கூட அதுதான் வசதி.

விளக்கு எரியும் நேரத்தை முதல் மூன்று வாரம் 6 மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். செடி வேர் பிடித்த பிறகு வாரம் அரை மணி நேரம் கூட்டி 8 மணி நேரம் வரை போகலாம். "செடி வளரவில்லை, அதனால் 12 மணி நேரம் எரிய விடுகிறேன்" என்பது நான் அதிகம் கேள்விப்படும் தவறு. மங்கலான விளக்கை நீண்ட நேரம் எரிய விட்டாலும் அது பிரகாசமான விளக்காகாது, பாசிதான் வரும். டைமர் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அடியில் என்ன மண் போடுவது?

1 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள மணிகள் நல்லது. அதைவிடப் பெரிய கல்லில் மெல்லிய வேர் பிடிக்க இடம் இருக்காது. மாவுபோன்ற மணல் நாளடைவில் இறுகிப்போய் வேருக்கு ஆக்சிஜன் போகாது. முன்பக்கம் 3–4 செ.மீ., பின்பக்கம் 6 செ.மீ.க்கு மேல் என்று சரிவாகப் போட்டால் பார்வைக்கும் ஆழம் கிடைக்கும்.

அக்வா சாயில் எனப்படும் சுட்ட மண் உருண்டைகள் தரைச் செடிக்கு மிகப் பொருத்தம். லேசாக இருப்பதால் நடுவது எளிது, சத்தும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பல புதிய மண்கள் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை வெளிவிடும். செடிக்கு அது உணவு, மீனுக்கு நஞ்சு. ஆகவே நீரைச் சோதித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தெரியும்வரை மீன் விட வேண்டாம். இந்த மண்ணைக் கழுவவும் வேண்டாம், உருண்டைகள் உடைந்து சேறாகும். சாதாரண மணலோ பொடிக்கல்லோ போடுகிறீர்கள் என்றால் வேர் உர மாத்திரைகளை 10 செ.மீ.க்கு ஒன்றாகப் புதைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

டிஷ்யூ கல்ச்சர் கோப்பையா, பானைச் செடியா, எது நல்லது?

நான் கோப்பையைத்தான் எடுப்பேன். ஆய்வகத்தில் வளர்ந்ததால் நத்தையோ பாசியோ பூச்சிக்கொல்லியோ அதில் இருக்காது. இறால் வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம். பானையில் வருவது முதிர்ந்த, வேர் திடமான செடி. மார்சிலியா, பார்வா போன்ற மெதுவான வகைகளுக்குப் பானைதான் முந்தித் தரும். 60×30 செ.மீ. தொட்டியில் பாதித் தரையை மூட மூன்று நான்கு கோப்பை வாங்குங்கள். ஒன்றை வாங்கிவிட்டு அது பெருகட்டும் என்று விட்டால், காலியாக இருக்கும் இடத்தை அதற்குள் பாசி எடுத்துக்கொள்ளும்.

எப்படி நடுவது?

அவசரம் இல்லாத ஒரு நாளை ஒதுக்குங்கள். கோப்பையிலிருந்து எடுத்த செடியில் ஒட்டியிருக்கும் வளர்ப்புக் கூழை ஓடும் நீரில் முழுவதும் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் தொட்டியில் அழுகிப் பூஞ்சை வரும். பானைச் செடியென்றால் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சுபோன்ற ராக்வூலைப் பொறுமையாகப் பிரித்தெடுங்கள்.

அப்புறம் செடியைச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். மான்டே கார்லோ, க்யூபா என்றால் விரல்நுனி அளவு, ஹேர்கிராஸ் என்றால் ஐந்தாறு இழை. பெரிய கட்டியாக நட்டால் வெளியோரம் வளரும், நடுவில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். மிகச் சிறியதாக, ஒற்றை இழையாகப் பிரித்தாலும் நிற்காது. மண்ணில் நீர் கசிந்து நிற்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நீளமான சாமணத்தால் துண்டின் அடியைப் பிடித்து, சாய்வாக மண்ணுக்குள் இறக்கி, நுனி இலைகள் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, சாமணத்தை லேசாகத் திறந்து ஆட்டி எடுங்கள். நேராகக் குத்தி நேராக இழுத்தால் செடியும் கூடவே வரும். துண்டுக்குத் துண்டு 2–3 செ.மீ. இடைவெளி போதும். முக்கோணமாக மாற்றி மாற்றி நட்டால் சீக்கிரம் மூடும். செடி காயாமல் இருக்க நடுநடுவே நீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.

ஹேர்கிராஸை நட்டவுடன் 2–3 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். எப்படியும் அந்தப் பழைய இழைகள் நிலைக்கப் போவதில்லை. நீர் நிரப்பும்போது தரையில் ஒரு தட்டையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்து அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு மணி நேர உழைப்பு ஒரு வாளி நீரில் பெயர்ந்து போகக் கூடாது.

நீர் ஊற்றாமலே முதலில் வளர்க்கலாம் என்கிறார்களே?

ஆமாம், டிரை ஸ்டார்ட் என்பார்கள். இவை கரையோரச் செடிகள் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இது. மண்ணை ஈரமாக்கி, செடியை நட்டு, தொட்டியின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, 4 முதல் 8 வாரம் வளர்ப்பது. காற்றிலேயே கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கிடைப்பதால் சிலிண்டர் வேண்டாம். நீர்ப் பாசி இல்லை, செடி மிதந்து வருவது இல்லை. விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட எரிய விடலாம்.

நீர்மட்டம் மண்ணுக்குக் கீழேயே இருக்கட்டும். தாழ்வான இடத்தில் குட்டை கட்டினால் அங்கே செடி அழுகும். நாளுக்கு ஒரு முறை தாளைத் திறந்து சில நிமிடம் காற்று விட்டு, ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தெளியுங்கள். சிலந்திவலைபோல வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் காற்றைக் கூட்டுங்கள். வேர் ஆழமாகப் போய், நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாலும் வராது என்றான பிறகு நீர் நிரப்பலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீர் நிரப்பிய அன்றே வாயு தொடங்க வேண்டும். வாயு கொடுக்கும் எண்ணமே இல்லாமல் க்யூபாவை இப்படி வளர்த்து நீர் நிரப்பினால், இரண்டு மாத உழைப்பு இரண்டு வாரத்தில் மஞ்சளாகும். நீர் நிரப்பியவுடன் மீன் விடவும் கூடாது. அம்மோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றும் நைட்ரஜன் சுழற்சி அப்போதுதான் சரியாகத் தொடங்குகிறது.

நட்டு ஒரு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடிபோலாகிக் கரைகிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. செடிகள் பண்ணையில் நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் உதவாது, அதைக் கழித்துவிட்டு நீருக்கேற்ற மெல்லிய இலையைச் செடி விட வேண்டும். பழைய இலை போய்ப் புதிய இலை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கரைந்ததைச் சைஃபன் குழாயால் எடுத்துக்கொண்டே இருங்கள், வேரையும் தண்டையும் தொடாதீர்கள். தண்டு கெட்டியாக, கணுவில் பச்சைப் புள்ளி தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்டே குழைந்து பழுப்பாகிவிட்டால் அந்தத் துண்டு போய்விட்டது.

நட்டதெல்லாம் மிதந்து வருகிறதே?

ஆழம் போதவில்லை, அல்லது மீனோ நத்தையோ கிளறுகிறது. மிதந்ததை எறியாமல் அன்றே திரும்ப நடுங்கள். முதல் பத்து நாள் இது தினசரி வேலை. அதற்கு மேல் வேர் பிடித்துக்கொள்ளும்.

படராமல் உயரமாக வளர்கிறது. ஏன்?

வெளிச்சம் தேடுகிறது. விளக்கைக் கூட்டுங்கள், அல்லது மேலே மறைக்கும் செடியைக் குறையுங்கள். நுனிகளை வெட்டிவிட்டாலும் பக்கக் கிளை விட்டுக் கீழே இறங்கும். க்யூபாவும் மான்டே கார்லோவும் நெருக்கமாகிவிட்ட இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் உண்டு. அது குறை அல்ல, வெட்ட நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பாசி பிடிக்கிறது. என்ன செய்வது?

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பழுப்பாகத் தூள்போலப் படிவது டயாட்டம். பெரும்பாலான புதிய தொட்டிகளில் வரும், தானே போகும். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம்.

பச்சை நூல்போலச் செடியோடு பின்னிக்கொள்வதுதான் கவலைப்பட வேண்டியது. கம்பளத்தினுள் ஒரு முறை பின்னிக்கொண்டால் பிரிக்க முடியாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி எடுங்கள், விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள், வாயு தரைவரை போகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் பார்ப்பதில்லை. டிராப் செக்கர் மேலே பச்சையாக இருக்கும், தரையில் வாயு இருக்காது. செக்கரைக் கழற்றித் தரைக்கு அருகில் ஒட்டிப் பாருங்கள், உண்மை தெரியும். ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் தொட்டிக் கொள்ளளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு நீரைச் சுற்ற வேண்டும், அந்த ஓட்டத்தில் தரைச் செடியின் நுனி லேசாக ஆட வேண்டும்.

கண்ணாடியோரம் மண்ணுக்குள் நீலப்பச்சையாகத் தகடுபோல் வருவது உண்மையில் பாசி அல்ல, சயனோபாக்டீரியா. கெட்ட வாடை அடிக்கும். நீர் தேங்கும் இடத்தில் வரும். கையால் எடுத்துவிட்டு, பாதி நீரை மாற்றி, விளக்கையும் வாயுவையும் நிறுத்தி, காற்றை மட்டும் ஓடவிட்டு, மூன்று நாள் தொட்டியைப் போர்த்து வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பாசியைத் தடுப்பதில் எதைவிடவும் பலன் தந்தது நீர் மாற்றுவதுதான். புதிய மண் போட்ட தொட்டியில் முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் ஒருநாள்விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒரு முறை 50 சதவீதம். வேகமாக வளரும் தண்டுச் செடி சிலவற்றைப் பின்னால் தற்காலிகமாக வைப்பதும் நல்லது. கம்பளம் பிடித்த பிறகு அவற்றை எடுத்துவிடலாம்.

உரம் போட வேண்டுமா?

அக்வா சாயில் என்றால் முதல் மாதம் பொட்டாசியமும் கொஞ்சம் நுண்சத்தும் போதும். பிறகு நைட்ரேட் லிட்டருக்கு 10–20 மில்லிகிராம், பாஸ்பேட் 1–2 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புது இலை வெளிறி வந்தால் இரும்புச்சத்துக் குறைவு. பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம்.

எந்த மீன், எந்த உயிர் ஒத்துப்போகும்?

சிறிய டெட்ரா, ராஸ்போரா, கப்பி எல்லாம் சரி. அமானோ இறால் நூல் பாசியைத் தின்னும், அதை நான் எல்லாத் தொட்டியிலும் விடுகிறேன். ஓட்டோசின்க்ளஸ் டயாட்டத்தைச் சுத்தம் செய்யும், ஆனால் தொட்டிக்கு இரண்டு மூன்று மாதம் வயதான பிறகே விட வேண்டும்; புதிய தொட்டியில் பட்டினி கிடக்கும். கோல்டு ஃபிஷ், பெரிய சிச்லிட் இருக்கும் தொட்டியில் கம்பளத்தை மறந்துவிடுங்கள். கோரிடோரஸ் மண்ணில் மூக்கை நுழைத்துத் தேடுவது அதன் இயல்பு. செடி முழுதாக வேர் பிடித்த பிறகு விட்டால் பெரிய சேதம் இல்லை, ஆனால் தரை முழுவதும் செடியாக இருந்தால் அந்த மீனுக்குத் தேட இடம் இல்லை. அதற்கு மணல் திட்டு ஒன்று விட்டு வையுங்கள்.

வெயில் காலத்தில் செடி சோர்ந்துபோகிறது.

22 முதல் 26 டிகிரி இவற்றுக்கு இதம். நீர் சூடானால் வாயுவும் ஆக்சிஜனும் கரைவது குறையும், செடியின் சுவாசத் தேவையோ கூடும். சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நீர் ஆவியாகும், அதை ஈடுகட்டிக்கொண்டிருங்கள்.

தூவினால் பத்து நாளில் கம்பளம் என்று விற்கும் விதைகள்?

வாங்காதீர்கள். க்யூபா, குளோசோ என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் வேறு செடிகளின் விதைகள். ஈரமண்ணில் ஜோராக முளைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். நீர் நிரப்பிய சில வாரங்களில் அழுகும், அல்லது நிற்காமல் உயரமாக வளரும். உண்மையான கம்பளச் செடிகள் துண்டுகளாகத்தான் விற்கப்படுகின்றன.

எப்போது, எப்படி வெட்டுவது?

தரை மூடியவுடன் முதல் வெட்டு. இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும் என்று காத்திருப்பது தவறு. மெத்தை தடித்துக்கொண்டே போனால் அடியில் இருக்கும் தண்டுக்கு வெளிச்சமும் ஓட்டமும் போகாது. அது மஞ்சளாகி அழுகும், வேர் பிடி விடும், ஒரு நாள் காலையில் மொத்தக் கம்பளமும் பாய்போல மேலே மிதக்கும். தடிமன் 3 செ.மீ. தாண்டும் முன் வெட்டிவிடுங்கள்.

வளைந்த கத்தரிக்கோலால் பாதி உயரத்துக்குத் துணிந்து வெட்டலாம். ஃபில்டரையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வெட்டினால் துண்டுகள் சிதறாது. வெட்டியதும் சைஃபனால் துண்டுகளை எடுத்து, பாதி நீரை மாற்றுங்கள். மிச்சத் துண்டுகள் மூலையில் கிடந்தால் அங்கேயே அழுகும். ஹேர்கிராஸை வெட்டுவதோடு, விரலால் அளைந்து உள்ளே சிக்கிய குப்பையைக் கிளப்பி உறிஞ்சுங்கள். ஹெலாந்தியம், ஸாஜிட்டேரியா, மார்சிலியா போன்றவற்றை நுனியில் வெட்டாமல், அதிகமானதை ஓடுதண்டோடு இழுத்தெடுப்பது நல்லது. வெட்டிய துண்டுகளை ஆற்றிலோ குளத்திலோ சாக்கடையிலோ போடாதீர்கள். அன்னிய நீர்ச்செடி வெளியே பிடித்துக்கொண்டால் உள்ளூர் நீர்நிலையை மூடிவிடும். காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.

தரை மூட எத்தனை நாள் ஆகும்?

வாயுவும் வெளிச்சமும் சரியாக இருந்தால் மான்டே கார்லோ, க்யூபா ஒன்றரை முதல் இரண்டு மாதம். ஹேர்கிராஸ் இரண்டு, இரண்டரை மாதம். வாயு இல்லாத மார்சிலியா நான்கு முதல் ஆறு மாதம். வாரம் ஒரு நாள் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது, படத்தில் தெரியும்.

வளர்ந்த கம்பளத்தை வேறு தொட்டிக்கு மாற்ற முடியுமா?

முடியும். நீரை மண் மட்டம் வரை இறக்கி, கூர்மையான பிளேடால் உள்ளங்கை அளவுச் சதுரங்களாக அறுத்து, அகலமான தட்டையான கரண்டியால் வேரோடும் ஒரு விரல் கன மண்ணோடும் தூக்குங்கள். அடியில் மஞ்சளான தண்டு இருந்தால் கத்தரியுங்கள். புதிய தொட்டியில் சதுரங்களுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விட்டு, ஓரங்களை மண்ணால் மூடி, நாலு மூலையிலும் சிறு கல் வைத்து ஒரு வாரம் அழுத்திவிடுங்கள். நீருக்குள்ளேயே வளர்ந்த செடி என்பதால் இம்முறை கரையாது. இடைவெளி மூடும் முன்பே புது வேர் இறங்கிவிடும், அப்புறம் கல்லை எடுத்துவிடலாம்.